வியர்க்காத எருமையும் வியர்க்கும் சட்டியும்

திருகோணமலையிலிருந்து மட்டக்களப்புக்குப் போகும் வீதியில் கிண்ணியாப் பாலம் வருகிறது. 396 மீற்றர் நீளம். 2009இல் இது திறக்கப்படும்வரை அக்கரைக்குப் போக 'பாதை' என்ற மிதவைப் படகுக்குத்தான் காத்திருக்க வேண்டியிருந்தது. ஒரு பக்கம் கொட்டியாரக் குடா, மறுபக்கம் தம்பலகாமக் குடா. இந்த இரு நீர்களுக்கும் நடுவில் கிடக்கும் கிண்ணியாவுக்கு நாடெங்கும் பெயர் வாங்கிக் கொடுத்த பொருள்களில் ஒன்று எருமைத் தயிர். மண் சட்டியில் உறைந்து, சட்டியோடு விலைபோகும் தயிர். கித்துள் பாணி ஊற்றிச் சாப்பிட்டவர்களுக்கு அதன் அருமையை எடுத்துச் சொல்லத் தேவையில்லை.

அந்தத் தயிரில் இருப்பவை இரண்டே: எருமைப் பால், முந்திய நாள் தயிரில் ஒரு கரண்டி. கட்டியாக்க மாப்பொருள் இல்லை, ஜெலட்டின் இல்லை, பால்மா இல்லை. ஆனாலும் கரண்டியை இறக்கினால் வெட்டிய இடம் அப்படியே நிற்கிறது. சட்டியைச் சாய்த்தாலும் தயிர் அசைவதில்லை.

உலகெங்கும் உணவு, பான உற்பத்தி நிறுவனங்கள் இன்று நிலைபேறு பற்றிப் பேசுகின்றன. பொதியின் மேல் பச்சை இலை அச்சிடுகிறார்கள். ஆண்டறிக்கையில் தனி அத்தியாயம் எழுதுகிறார்கள். அவற்றுக்கு அடியில் இருக்கும் கேள்விகள் எளியவை. இந்த உணவைச் செய்ய எவ்வளவு நீர், எவ்வளவு எரிபொருள், எவ்வளவு நிலம் போனது? மிஞ்சியது எங்கே போனது? அடுத்த தலைமுறையும் இதையே செய்ய முடியுமா? பச்சை இலை எதையும் அச்சிடாத கிண்ணியாத் தயிர்ச் சட்டியிடமே இந்தக் கேள்விகளைக் கேட்கலாம். கிடைக்கும் விடைகளில் சில வியக்க வைக்கும், சில சங்கடப்படுத்தும். இரண்டையும் பார்த்தால்தான் கணக்கு நேராகும்.

சேற்றில் கிடக்கும் தொழிற்சாலை

கணக்கு எருமையிலிருந்து தொடங்குகிறது. எருமையின் கறுத்த தோல் வெயிலை நன்றாக உறிஞ்சும். அதை மறைக்க அடர்ந்த மயிர் கிடையாது. வியர்வைச் சுரப்பிகளோ மாட்டைவிட மிகக் குறைவு. வெயில் ஏறும்போது வியர்த்துக் குளிர அதனால் முடியாது. அதனால்தான் நடுப்பகலில் அது குளத்தையும் சேற்றையும் தேடிப் போகிறது. சேற்றில் புரண்டு எழுந்தபின் தோலில் ஒட்டிய ஈரம் காயத் தொடங்குகிறது. சாதாரண வெப்பநிலையில் ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 2,400 ஜூல் வெப்பம் வேண்டும். அந்த வெப்பத்தின் பெரும்பகுதி எருமையின் உடலிலிருந்தே போகிறது. வெறும் தண்ணீரைவிடச் சேறு நெடுநேரம் ஈரத்தைப் பிடித்து வைக்கும் என்பதால் குளிர்ச்சியும் நீடிக்கிறது. இந்த 2,400 ஜூலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சட்டிக்கு வரும்போது மீண்டும் தேவைப்படும்.

இலங்கையின் நாட்டெருமை தோற்றத்தில் தென்கிழக்காசியாவின் சதுப்பெருமையைப் போலிருக்கும். ஆனால் சதுப்பெருமைக்கு 48 நிறமூர்த்தங்கள், நம்முடையதற்கு 50. அந்தக் கணக்கில் இது இந்தியாவின் ஆற்றெருமைக்கே சொந்தம். நாளுக்கு ஓரிரு லீற்றர்தான் கறக்கும். ஆனால் அந்தப் பால் கனமானது. பசும்பாலில் கொழுப்பு 3.5 முதல் 4 சதவீதம். எருமைப் பாலில் 7 முதல் 8. புரதமும் அதிகம். பசு, புல்லிலிருக்கும் மஞ்சள் கரோட்டினில் ஒரு பகுதியை அப்படியே பாலுக்கு விடுகிறது. எருமை அதை நிறமற்ற விற்றமின் ஏ ஆக மாற்றிவிடுகிறது. எருமைத் தயிர் அவ்வளவு வெள்ளையாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

இந்தப் பாலுக்கான மூலப்பொருளை மனிதன் தின்ன முடியாது. ஆற்றோரக் கோரை, வெள்ளம் வடிந்த பள்ளத்தின் முரட்டுப் புல், அறுவடை முடிந்த வயலின் தாள் எல்லாம் செலுலோசு. நம் குடலுக்கு அது வெறும் நார். எருமையின் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்களுக்கோ உணவு. மாடு முகர்ந்து விட்டுப்போகும் முரட்டுப் புல்லையும் எருமை மேயும். மனிதர் சாப்பிடக்கூடிய தானியத்தைத் தீவனமாகப் போட்டுப் பால் எடுப்பதற்கும், வேறெதற்கும் உதவாத புல்லிலிருந்து பால் எடுப்பதற்கும் இடையிலான வேறுபாடு நிலைபேற்றுக் கணக்கில் மிகப் பெரியது.

ஒரு கரண்டி உறை செய்யும் வேலை

பாலை முதலில் நன்றாகக் காய்ச்சுகிறார்கள். வேண்டாத கிருமிகளைக் கொல்வது அதன் ஒரு பயன். இன்னொரு பயன் கண்ணுக்குத் தெரியாது. 85 முதல் 90 பாகை வெப்பத்தில், பாலில் கரைந்திருக்கும் மோர்ப் புரதங்கள் குலைந்து, கேசீன் என்ற முதன்மைப் புரதத்தின் துகள்களோடு ஒட்டிக்கொள்கின்றன. காய்ச்சாத பாலில் அவை நீரோடு பிரிந்து போயிருக்கும். காய்ச்சியதால் அவையும் தயிரின் உடம்பாகின்றன.

பால் கை பொறுக்கும் சூட்டுக்கு, ஏறத்தாழ 40 முதல் 45 பாகைக்கு, ஆறியதும் உறை விடுகிறார்கள். அந்த ஒரு கரண்டித் தயிரில் கோடிக்கணக்கான பற்றீரியாக்கள். 1905இல் ஜெனீவாவில் ஆய்வு செய்துகொண்டிருந்த ஸ்டாமென் கிரிகோரோவ் என்ற பல்கேரிய மாணவர், தயிரில் இருக்கும் கோல் வடிவப் பற்றீரியாவை இனங்கண்டார். அவர் நாட்டின் பெயரையே தாங்கி அது லாக்டோபேசிலஸ் பல்காரிகஸ் ஆயிற்று. அதனோடு சேர்ந்து வேலை செய்வது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோபைலஸ். கோல் வடிவப் பற்றீரியா புரதத்தை உடைத்து மற்றதற்கு அமினோ அமிலங்களைத் தருகிறது. மற்றது ஃபார்மிக் அமிலமும் காபனீரொட்சைட்டும் வெளியிட்டு இதை வளர்க்கிறது. தனித்தனியே விட்டால் இரண்டும் மெதுவாகவே வளரும். சேர்ந்தால் சில மணி நேரத்தில் பால் தயிராகிவிடும்.

இரண்டும் பாலின் சீனியான லாக்டோசைத் தின்று லாக்டிக் அமிலம் விடுகின்றன. பாலில் கேசீன் துகள்கள் ஒரு மில்லிமீற்றரில் பத்தாயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு பருமனில் மிதக்கின்றன. அவற்றின் மேல் இருக்கும் மின்னேற்றம் ஒன்றையொன்று தள்ளிவிடுவதால்தான் பால் பாலாக இருக்கிறது. அமிலம் ஏற ஏற அந்த மின்னேற்றம் குறைகிறது. புளிப்பின் அளவுகோலான பிஎச் 6.6இலிருந்து 4.6க்கு இறங்கும்போது தள்ளுவிசை தீர்ந்து, துகள்கள் கைகோத்து ஒரு வலையாகின்றன. நீரும் கொழுப்பும் அந்த வலைக்குள் அகப்பட்டுக்கொள்கின்றன. எருமைப் பாலில் கேசீனும் அதிகம், கொழுப்பும் அதிகம், வலையும் நெருக்கம். கட்டித் தயிரின் பாதி ரகசியம் இது. மறுபாதி சட்டியில் இருக்கிறது.

சட்டி வெறும் பாத்திரம் அல்ல

புதிய சட்டியில் பால் ஊற்றிச் சற்று நேரம் கழித்து அதன் வெளிப்புறத்தைப் பாருங்கள். காய்ந்த செம்மண் நிறத்தில் இருந்த சுவர் அடியிலிருந்து மேலாகக் கறுத்துக்கொண்டு வரும். தொட்டால் ஈரம். பாலின் நீர் சட்டியின் நுண்துளைகள் வழியே வெளிப்புறம்வரை வந்துவிட்டது. நாள் கடந்தால் அங்கே மெல்லிய வெண்ணிறப் படிவும் தெரியலாம். நீரோடு வந்து, நீர் போனபின் தங்கிய உப்புகளும் பாற்சீனியும் அவை.

இந்தக் கசிவு இரண்டு வேலைகளைச் செய்கிறது. முதலாவது, தயிரைக் கட்டியாக்குவது. வலைக்குள் தளர்வாக நிற்கும் நீரைச் சட்டி உறிஞ்சிக் காற்றுக்குக் கொடுத்துவிடுகிறது. பிளாஸ்டிக் கோப்பையில் அந்த நீருக்குப் போக வழியில்லை. நாள்பட நாள்பட அது தயிரின் மேல் தெளிந்து நிற்கும். அதைத் தடுக்கத்தான் பல தொழிற்சாலைகள் ஜெலட்டினும் மாப்பொருளும் பால்மாவும் சேர்க்கின்றன.

இரண்டாவது, தயிரைக் குளிர்விப்பது. எருமையின் தோலில் பார்த்த அதே 2,400 ஜூல் இங்கே வேலை செய்கிறது. வெளியிலிருந்து வெப்பம் வராது என்று வைத்துக்கொண்டால், ஒரு கிராம் நீர் ஆவியாவது 100 கிராம் தயிரை 6 பாகைக்கு மேல் குளிர்விக்கப் போதும். குளிர்ச்சி கூடக் கூடப் பற்றீரியாவின் வேகம் குறைகிறது. தயிர் புளித்துப் போவதும் தாமதமாகிறது. எருமையைச் சேறும், அதன் பாலைச் சட்டியும் ஒரே இயற்பியல் விதியால் காக்கின்றன. இரண்டுக்கும் ஓர் அலகு மின்சாரம்கூடச் செலவில்லை.

இந்தக் குளிர்ச்சிக்கு எல்லை உண்டு. அதைக் காற்றின் ஈரம் தீர்மானிக்கிறது. கிழக்கில் கச்சான் காற்று வீசும் மாதங்களில் காற்று சூடாகவும் வறட்சியாகவும் இருக்கும். வெப்பம் 34 பாகை, ஈரப்பதன் 50 சதவீதம் என்று கொண்டால், ஈரமான சட்டி ஏறத்தாழ 26 பாகைவரை இறங்கலாம். மாரி மழையில் வெப்பம் 28 பாகையாகவும் ஈரப்பதன் 85 சதவீதமாகவும் இருந்தால் இரண்டு பாகைதான் இறங்கும். மிகவும் தேவைப்படும் காலத்தில் சட்டி மிக நன்றாக வேலை செய்கிறது.

இதன் அருமை ஒரு வெளிநாட்டு உதாரணத்தில் தெளிவாகும். அமெரிக்காவில் 'கிரேக்கத் தயிர்' என்ற கெட்டித் தயிர் பெருவணிகமாயிற்று. நியூயார்க் மாநிலத்தில் பெரிய ஆலைகள் எழுந்தன. அங்கே தயிரை வடிகட்டிக் கெட்டியாக்குகிறார்கள். மூன்று பங்கு பாலிலிருந்து ஏறத்தாழ ஒரு பங்கு தயிர் வரும். மீதி புளித்த மோர்நீர். அதை ஆற்றில் விட முடியாது. பாற்சீனியும் அமிலமும் நிறைந்த அந்த நீரைத் தின்னப் பெருகும் நுண்ணுயிர்கள் ஆற்றின் ஒட்சிசனை எல்லாம் குடித்துவிடும். மீன்கள் மூச்சுத் திணறிச் சாகும். வீட்டுக் கழிவுநீரில் ஒரு லீற்றரைச் சுத்தமாக்க நுண்ணுயிர்களுக்குச் சில நூறு மில்லிகிராம் ஒட்சிசன் போதும். மோர்நீருக்கு 30,000 முதல் 50,000 மில்லிகிராம் வரை வேண்டும். அந்த மோர்நீரை எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது என்பது அந்த ஆலைகளுக்குப் பெரும் தலைவலியாயிற்று.

கிண்ணியாச் சட்டியில் வடிகட்டல் இல்லை. நீர் ஆவியாகிப் போகிறது. சத்து தயிரிலேயே தங்குகிறது. ஓர் ஆறும் கெடுவதில்லை.

கொள்கலனுக்கும் வரலாறு உண்டு

இவ்வளவு சொன்னபின், சட்டி நல்லது, பிளாஸ்டிக் கெட்டது என்று முடித்துவிடலாம். ஆனால் அறிவியல் அங்கே நிற்பதில்லை. 1969இல் கொக்கா-கோலா நிறுவனம் அமெரிக்காவின் மிட்வெஸ்ட் ஆய்வு நிறுவனத்திடம் ஒரு வேலையைக் கொடுத்தது. தன் பானத்தை அடைக்கும் வெவ்வேறு கொள்கலன்கள் ஒவ்வொன்றும் பிறப்பு முதல் இறப்புவரை எவ்வளவு மூலப்பொருளையும் எரிசக்தியையும் தின்கின்றன, எவ்வளவு கழிவை விடுகின்றன என்று கணக்கிடச் சொன்னது. இன்று 'வாழ்க்கை வட்ட மதிப்பீடு' என்று உலகம் முழுவதும் கையாளப்படும் முறைக்கு அதுதான் முன்னோடி. கையில் இருக்கும் பொருளை மட்டும் பார்க்காதே, அது வந்த வழியையும் போகும் வழியையும் பார் என்பது அதன் சாரம்.

பிளாஸ்டிக் கோப்பை போகும் வழி கிழக்கு மாகாணத்தில் எல்லோருக்கும் தெரியும். அம்பாறை மாவட்டம் பள்ளக்காட்டில் திறந்தவெளிக் குப்பைமேட்டைக் கிளறி உண்ணும் யானைகள், உணவின் மணம் ஒட்டிய பொலித்தீனையும் பிளாஸ்டிக்கையும் சேர்த்து விழுங்குகின்றன. எட்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 20 யானைகள் அப்படி இறந்ததாக 2022இல் செய்தி வந்தது. பிளாஸ்டிக் வரும் வழியையும் இலங்கை கண்டது. 2021இல் எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பல் கொழும்புக்கு அருகே எரிந்து மூழ்கியபோது, பிளாஸ்டிக் பொருள்கள் செய்ய மூலப்பொருளான சிறு மணிகள் 1,600 தொன்னுக்கு மேல் அதில் இருந்தன. கரையெல்லாம் அவை ஒதுங்கின. 2023 ஒக்டோபர் முதலாம் திகதி, ஒருமுறை பாவிக்கும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றுக்கு அரசாங்கம் தடை போட்டது. யோகட் கரண்டி அந்தப் பட்டியலில் இருந்தது. யோகட் கோப்பைக்கு விலக்கு கிடைத்தது. பெரிய அளவில் அதற்கு மாற்று எளிதில் கிடைக்கவில்லை. மாற்று ஒன்று சிறிய அளவில் கிண்ணியாவில் இருந்துகொண்டே இருக்கிறது.

சட்டி போகும் வழி என்ன? "மண்ணிலிருந்து வந்தது, மண்ணுக்கே போகும்" என்று பலர் சொல்வார்கள். அது சரியல்ல. களிமண்ணைச் சுடும்போது, ஏறத்தாழ 500 முதல் 600 பாகையில், அதன் கனிமத்துக்குள் பிணைந்திருந்த நீர் நிரந்தரமாக வெளியேறிவிடுகிறது. படிகக் கட்டமைப்பே மாறுகிறது. அதன் பிறகு எத்தனை மழை பெய்தாலும் சுட்ட சட்டி களிமண்ணாவதில்லை. கீழடியிலும் அநுராதபுரத்திலும் 2,000 ஆண்டுகளுக்கு மேற்பட்ட பானை ஓடுகள் இன்றும் கிடைப்பது இதனால்தான். சட்டி மக்குவதில்லை, ஆனால் நஞ்சாவதும் இல்லை. யானையின் வயிற்றை அடைப்பதில்லை, கடலில் மிதப்பதில்லை. அதன் நல்ல குணம் அழிந்துபோவது அல்ல, ஆபத்தில்லாமல் கிடப்பது.

வரும் வழிதான் சட்டியின் பலவீனம். மூன்று செலவுகள் அதில் இருக்கின்றன. ஒன்று, களிமண். குளத்தின் அடியிலும் வயலோரத்திலும் படிந்த நல்ல களி எல்லையற்றதல்ல. இரண்டு, சூளைக்குப் போகும் விறகு. மூன்று, எடை. ஒரு லீற்றர் தயிருக்கான பிளாஸ்டிக் கோப்பை சில பத்துக் கிராம். சட்டியோ அதைவிடப் பல மடங்கு. கொழும்புவரை லொறியில் போகும்போது அந்த எடைக்கும் டீசல் எரிகிறது. இதற்கு மேல் இன்னொரு சிக்கல். சட்டியைக் கழுவி மறுபடி தயிருக்குப் பாவிப்பது நல்லதல்ல. நீரைக் கசியவிட்ட நுண்துளைகளிலேயே கொழுப்பும் கிருமிகளும் தங்கிவிடுகின்றன. எந்தக் குணத்தால் சட்டி சிறந்ததோ, அதே குணத்தால் அது ஒருமுறைப் பொருளாகிவிடுகிறது.

இந்தச் செலவுகளைக் குறைக்கும் வழிகள் திருகோணமலை மாவட்டத்திலேயே இருக்கின்றன. இது நெல் விளையும் மாவட்டம். 100 கிலோ நெல்லைக் குற்றினால் ஏறத்தாழ 20 கிலோ உமி வரும். ஒரு கிலோ உமியில் 13 முதல் 14 மெகாஜூல் வெப்பம் இருக்கிறது. காய்ந்த விறகுக்குச் சற்றே குறைவு. ஆசியாவின் பல ஊர்களில் செங்கல்லும் பானையும் உமியில்தான் வேகின்றன. விறகுக்குக் காட்டை வெட்டாமல் ஆலையில் மிஞ்சும் உமியில் சுட்டால் சூளையின் கணக்கே மாறிவிடும்.

உடைந்த சட்டிக்கும் வேலை இருக்கிறது. ஓடுகளை இடித்துப் பொடியாக்கிப் புதுக் களியோடு கலப்பது உலகின் பல பாகங்களில் குயவர்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் செய்து வந்தது. அந்தப் பொடி, சட்டி காயும்போது சுருங்கி வெடிப்பதைத் தடுக்கிறது. தோண்ட வேண்டிய களியும் குறைகிறது. சுண்ணாம்புச் சாந்தில் சுட்ட மண்தூள் சேர்த்துக் கட்டிய பழைய கட்டடங்களின் உறுதி கட்டடக் கலைஞர்களுக்குத் தெரியும். காலிச் சட்டியைத் திருப்பித் தருபவருக்கு ஒரு சிறு தொகை கழித்துக் கொடுத்தால் போதும், ஓடுகள் தாமாகச் சேரும். கண்ணாடிச் சோடாப் போத்தலைத் திருப்பிக் கொடுத்து முற்பணம் வாங்கிப் பழகிய நாட்டுக்கு இது புதிதல்ல.

சாணத்தில் இருக்கும் அடுப்பு

பால் காய்ச்சும் அடுப்பும் எரிபொருள் தின்கிறது. இதற்கு ஒரு சிறு கணக்குப் போடலாம். 100 லீற்றர் பாலை 28 பாகையிலிருந்து 90 பாகைக்கு ஏற்ற ஏறத்தாழ 24 மெகாஜூல் வெப்பம் வேண்டும். அடுப்பின் வெப்பத்தில் பாதி வீணாகும் என்று வைத்தால் 48 மெகாஜூல். ஒரு கன மீற்றர் சாண எரிவாயு ஏறத்தாழ 21 மெகாஜூல் தரும். ஆகவே தேவை 2.3 கன மீற்றர். ஒரு கிலோ பச்சைச் சாணத்திலிருந்து ஏறத்தாழ 0.04 கன மீற்றர் வாயு வரும். 60 கிலோவுக்கும் குறைவான சாணம் போதும்.

நாளுக்கு இரண்டு லீற்றர் வீதம் கறந்தாலும் 100 லீற்றருக்கு 50 எருமைகள் வேண்டும். பகல் முழுதும் மேய்ச்சலில் விழுந்தது போக, இரவில் பட்டியில் தலைக்கு 5 கிலோ சாணம் மட்டும் கிடைத்தாலும் 250 கிலோ ஆகிறது. பாலைக் காய்ச்சத் தேவையானதைப்போல் நான்கு மடங்கு! மிஞ்சும் வாயு வீட்டு அடுப்புக்கு, தெளிந்த கழிவு வயலுக்கு உரம். 2022இல் எரிவாயுச் சிலிண்டருக்கு நாடே வரிசையில் நின்றது. அந்த நாள்களிலும் ஒவ்வொரு பட்டியிலும் எரிபொருள் குவிந்துகொண்டேதான் இருந்தது.

இதில் இன்னொரு நன்மையும் உண்டு. சாணக் குவியல் காற்றுப்படாமல் அழுகும்போது மீதேன் வாயு கிளம்பும். 100 ஆண்டுக் கணக்கில் அது காபனீரொட்சைட்டைப்போல் 27 மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்கும். பிடித்து எரித்தால் அந்தத் தீங்கு பெருமளவு குறையும். எருமையின் ஏப்பத்தில் போகும் மீதேனை அப்படிப் பிடிக்க முடியாது. புல் தின்று குறைவாகக் கறக்கும் விலங்கு, ஒரு லீற்றர் பாலுக்குக் கூடுதலான மீதேனை விடுகிறது என்பது உண்மை. எருமைத் தயிரின் கணக்கில் இது ஒரு கடன். நோயில்லாத கன்றுகளும், நல்ல புல்லும், தவறாத குடிநீரும் கிடைத்து ஒவ்வோர் எருமையும் இன்னும் கொஞ்சம் கூடக் கறந்தால் அந்தக் கடன் குறையும்.

புல் போனால் எல்லாம் போகும்

சட்டி, சூளை, அடுப்பு எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்பது புல். 335 கிலோமீற்றர் ஓடிவரும் மகாவலி கொட்டியாரக் குடாவில்தான் கடலைச் சேர்கிறது. அதன் வெள்ளச் சமவெளியில் 'வில்லு' எனப்படும் பள்ளங்கள் உண்டு. மாரியில் நிறைந்து, கோடையில் வற்றும்போது புல்லை விட்டுச்செல்லும் நிலங்கள். வெள்ளம் கொண்டுவரும் வண்டலே அவற்றின் உரம். 1970களின் பிற்பகுதியில் துரிதப்படுத்தப்பட்ட மகாவலித் திட்டத்தின் அணைகள் மின்சாரமும் பாசனமும் தந்தன. வெள்ளத்தின் பழைய தாளத்தையும் மாற்றின.

மாவட்டத்துக்குள் இன்னொரு நெருக்கடி. பெரும்போகத்தில் வயலெல்லாம் நெல். அப்போது எருமைப் பட்டிகள் வயல்வெளியை விட்டு வெளியேற வேண்டும். போவதற்கு மேய்ச்சல் தரை வேண்டும். அந்தத் தரை சுருங்கச் சுருங்க, வெள்ளாண்மை செய்பவருக்கும் பட்டிக்காரருக்கும் இடையே தகராறு. காட்டுக்குள் போனால் வன அதிகாரிகளோடு தகராறு. உழவு இயந்திரம் வந்தபின் ஏருக்கும் சூடு மிதிக்கவும் எருமை தேவைப்படவில்லை. பாலுக்காக மட்டும் அதை வளர்க்க வேண்டுமென்றால் புல் மலிவாகக் கிடைக்க வேண்டும். புல் இல்லாவிட்டால் அதை விற்றுவிடுவார்கள்.

எருமை போன இடத்துக்கு என்ன வரும்? பால்மா வரும். ஒரு கிலோ முழுப் பால்மாவுக்கு ஏறத்தாழ 8 லீற்றர் பால் வேண்டும். அதன் நீரையெல்லாம் எரிபொருள் கொண்டு ஆவியாக்கி, கடைசியில் 200 பாகையை நெருங்கும் சூட்டுக் காற்றில் தூவி உலர்த்தி, நியூசிலாந்து போன்ற நாடுகளிலிருந்து கப்பலில் ஏற்றி, டொலர் கொடுத்து வாங்குகிறோம். பிறகு வீட்டில் நீர் கலந்து மறுபடி பாலாக்குகிறோம். டொலர் தீர்ந்த 2022இல் அந்தப் பால்மாவுக்கும் வரிசை நின்றது. காற்றே நீரை எடுத்துச் செல்லும் சட்டிக்கும், எரிவாயுவும் நிலக்கரியும் எரித்து நீரை எடுக்கும் ஆலைக்கும் உள்ள தூரத்தை இங்கே பார்க்கலாம்.

இதைச் சொல்வதால் பெருந்தொழிற்சாலைகள் வேண்டாம் என்று ஆகிவிடாது. குடாவின் அந்தப் பக்கம், சீனன்குடாவில், 1980 முதல் இயங்கும் பிரிமா மாவு ஆலை கப்பலில் வரும் கோதுமையை மாவாக்கி நாட்டுக்கே பாண் கொடுக்கிறது. 100 கிலோ கோதுமையில் ஏறத்தாழ 75 கிலோ மாவு. மீதியான தவிடு கால்நடைத் தீவனம். ஓர் ஆலையின் மிச்சம் இன்னோர் உயிருக்கு உணவாவது அங்கேயும் நடக்கிறது. அளவு பெரிதா சிறிதா என்பது கேள்வியல்ல. ஒவ்வொரு மிச்சத்துக்கும் போக ஓர் இடம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

அந்தக் கேள்விக்குக் கிண்ணியாத் தயிர் பெரும்பாலும் ஆம் என்று விடை சொல்கிறது. நீர் காற்றுக்கு, சத்து மனிதருக்கு, சாணம் வயலுக்கு. இன்னும் அடைபடாத கடன்கள் சூளை விறகு, தோண்டும் களி, எரிக்காத மீதேன். அவற்றை அடைக்கும் அறிவும் பொருளும் இந்த மாவட்டத்துக்குள்ளேயே இருக்கின்றன.

ஆகவே மூன்று வேண்டுகோள்கள். கிண்ணியாவைச் சுற்றியுள்ள மேய்ச்சல் தரைகளை அளந்து, எல்லையிட்டு, வர்த்தமானியில் அறிவித்துக் காப்பது அரசாங்கத்தின் கடமை. பட்டி தோறும் சாண எரிவாயுக் கலனும் குயவருக்கு உமிச் சூளையும் அமைக்கக் கடன் கொடுப்பது வங்கிகளாலும் கூட்டுறவுச் சங்கங்களாலும் முடியும். மூன்றாவது வேண்டுகோள் வாங்குபவருக்கு. சட்டித் தயிர் பக்கத்து ஊருக்கே உரிய உணவு; தூரம் போகப் போக அதன் நன்மை குறையும். கிழக்கில் இருப்பவர் கிண்ணியாவில் வாங்கட்டும். தெற்கிலும் வடக்கிலும் இருப்பவர் தம் ஊர்ப் பட்டிக்காரரிடம் வாங்கட்டும். சட்டியின் வாயைக் கட்டப் பொலித்தீன் வேண்டாம், தாளும் நூலும் போதும் என்று கேட்டு வாங்குங்கள். காலிச் சட்டியைக் குப்பையில் எறியாமல் திருப்பிக் கொடுங்கள். நிலைபேறு என்பது பொதியில் அச்சிடும் சொல் அல்ல. புல் முதல் ஓடு வரை ஒவ்வொரு படியிலும் யாரோ ஒருவர் செய்ய வேண்டிய வேலை.